புயல் வரும் வாரத்தில் பயணம்: அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆகஸ்ட் பாதியில் தொடங்கி அக்டோபர் முடியும்வரை, ஃபுளோரிடாவுக்கோ கரீபியன் கப்பல் பயணத்துக்கோ பணம் கட்டிவைத்த நண்பர்களும் உறவினர்களும் என்னை அழைத்து ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். நான் இங்கேயே குடியிருப்பதால் எனக்குத் தெரியும் என்பது அவர்கள் நம்பிக்கை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன். உள்ளூர் நிர்வாகம் ஒன்று சொல்லி, இந்தப் பக்கம் வேறொன்று சொல்வதாகத் தோன்றினால், நிர்வாகம் சொல்வதையே கேளுங்கள்.

புயல் சீசன் என்றால் எந்த மாதங்கள்? அந்த மாதங்களில் ஃபுளோரிடா பக்கமே போகக் கூடாதா?

அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆனால் ஆறு மாதமும் ஒரே அளவு ஆபத்து இல்லை. கடல் நன்றாகச் சூடேறிய ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிவரைதான் பெரும்பாலான வலுத்த புயல்கள் உருவாகின்றன. செப்டம்பர் 10 வாக்கில் உச்சம். ஜூன் மாதப் பயணத்துக்குப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். செப்டம்பர் பயணம் விலை மலிவாகக் கிடைப்பதற்கு இந்த ஆபத்தும் ஒரு காரணம்.

போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மாதங்களில் போவதானால், தேதி மாற்ற முடிகிற டிக்கெட்டையும் ஓட்டலையும் மட்டுமே எடுங்கள். அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைப் பயணச் செலவின் ஒரு பகுதியாகவே கணக்கில் வையுங்கள்.

தொலைக்காட்சியில் ஒரு வெள்ளைக் கூம்பு காட்டுகிறார்கள். நாங்கள் போகிற ஊர் அதற்கு வெளியே இருக்கிறது. அப்படியென்றால் கவலை இல்லைதானே?

அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்வது இந்தக் கூம்பைத்தான். மயாமியில் உள்ள தேசிய சூறாவளி மையம் வரையும் அந்தக் கூம்பு, புயலின் மையப்புள்ளி எங்கெல்லாம் போகக்கூடும் என்பதை மட்டுமே காட்டுகிறது. புயலின் அகலத்தைக் காட்டவில்லை. காற்றும் மழையும், புயல் கரைக்குள் தள்ளும் கடல்நீர் ஏற்றமும் கூம்பின் கோட்டைத் தாண்டிப் பல மைல் தூரம் பரவும். கடந்த ஐந்து ஆண்டுகளின் முன்கணிப்புப் பிழைகளை வைத்து அதன் அளவைத் தீர்மானிக்கிறார்கள். அந்த மையப்புள்ளிகூட மூன்றில் ஒரு பங்கு நேரம் கூம்புக்கு வெளியே போய்விடலாம் என்று மையமே சொல்கிறது.

2022இல் இயன் புயல் வந்தபோது தொடக்கத்தில் எல்லார் கண்ணும் டாம்பாமேல் இருந்தது. செப்டம்பர் 28 அன்று அது கரையேறியது தெற்கே ஃபோர்ட் மையர்ஸை ஒட்டிய காயோ கோஸ்டா தீவில். டாம்பாவிலிருந்து தெற்கே தப்பிப் போய்ப் புயலுக்கு நேர் எதிரில் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. மில்டன் புயல் 2024 அக்டோபர் 9 அன்று மேற்குக் கரையில் சியெஸ்டா கீயில் கரையேறியது. ஆனால் அதன் முன்விளிம்பில் எழுந்த சுழற்காற்றுகள் அதே நாள் மாலை, மாநிலத்தின் மறுகோடியான கிழக்குக் கரையில் செயின்ட் லூசி மாவட்டத்தில் உயிர்களைப் பறித்தன. கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, உங்கள் ஊரின் பெயருக்கு என்ன எச்சரிக்கை வந்திருக்கிறது என்று பாருங்கள்.

'வாட்ச்', 'வார்னிங்' என்று இரண்டு சொல்கிறார்களே, எது பெரியது?

வார்னிங்தான் பெரியது. ஹரிகேன் வாட்ச் என்றால் சூறாவளி நிலை வரக்கூடும். புயல்காற்று தொடங்குவதற்குச் சுமார் 48 மணி நேரம் முன்பு அறிவிப்பார்கள். வார்னிங் என்றால் வரும் என்றே எதிர்பார்க்கிறார்கள். சுமார் 36 மணி நேரம் முன்பு வரும். இந்த மணிக்கணக்கு புயல் கரையேறும் நேரத்துக்கு அல்ல, பலத்த காற்று வீசத் தொடங்கும் நேரத்துக்கு. அதன்பின் ஏணி ஏறி ஜன்னலுக்குப் பலகை அடிப்பதோ காரை எடுப்பதோ ஆபத்து. ஆக வார்னிங் வந்தபின் உங்கள் கையில் இருப்பது ஒன்றரை நாள்தான்.

கடல்நீர் ஏற்றத்துக்குத் தனியாக வாட்ச், வார்னிங் உண்டு. கடற்கரை ஊரில் இருப்பவர்கள் அதைத்தான் முதலில் தேட வேண்டும்.

செய்தியைப் பார்த்தால் ஒவ்வொரு மணி நேரமும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். எதை நம்புவது?

சூறாவளி மையத்தின் அறிக்கை கிழக்கு நேரப்படி காலை 5, 11, மாலை 5, இரவு 11 மணிக்கு வெளியாகும். கரைக்கு எச்சரிக்கை விடுத்தபின் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இடைக்கால அறிக்கையும் வரும். இந்த நேரங்களில் மட்டும் பாருங்கள். பத்து நாள் கழித்து வரப்போகும் புயலின் பாதையை ஒற்றைக் கோடாக வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்களே, அது வானிலையைக் கணிக்கும் ஒரு கணினி மாதிரி ஒரே ஒருமுறை போட்ட கணக்கு. அதைப் பார்த்துத் திட்டம் போடுவதும் தவறு, அமைதி அடைவதும் தவறு.

இது வெறும் கேட்டகரி 1 தானே? போய்வந்துவிடலாம் அல்லவா?

அந்த எண் காற்றின் வேகத்தை மட்டும் சொல்கிறது. மணிக்கு 74 முதல் 95 மைல்வரை என்றால் 1. 111ஐத் தொட்டால் 3, அங்கிருந்து 'பெரும் சூறாவளி'. 157ஐத் தொட்டால் 5. எவ்வளவு மழை பெய்யும், கடல் எவ்வளவு ஏறும் என்பதை அந்த எண் சொல்லாது. உயிர்களை அதிகம் வாங்குவது காற்றைவிட நீர்தான்.

2018இல் ஃபுளாரன்ஸ் வட கரோலினாவில் கரையேறியபோது வெறும் கேட்டகரி 1. ஆனால் மெல்ல நகர்ந்து, சில இடங்களில் 30 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டி ஊர்களை மூழ்கடித்தது. எண்ணும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. மில்டன் 2024 அக்டோபர் 7 அன்று ஒரே நாளுக்குள் கேட்டகரி 1இலிருந்து 5க்குத் தாவியது. 'வெறும் 1' என்று காலையில் சொன்னவர் மாலையில் என்ன சொல்வார்?

பயணத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. எப்போது முடிவெடுப்பது?

பணத்தைப் பற்றிய முடிவையும் பாதுகாப்பைப் பற்றிய முடிவையும் தனித்தனியாக எடுங்கள் என்பதையே நான் எல்லாரிடமும் வலியுறுத்துகிறேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், 'இவ்வளவு பணம் கட்டிவிட்டோமே' என்ற எண்ணம் எப்போதும் ஜெயித்துவிடும்.

ஏழு நாள் இருக்கும்போது எதையும் ரத்து செய்யாதீர்கள். அன்று செய்ய வேண்டியது படிப்பு: டிக்கெட், ஓட்டல், வாடகைக் கார் ஒவ்வொன்றையும் எந்த மணிவரை இலவசமாக ரத்து செய்யலாம் என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஐந்து நாள் இருக்கும்போது மாற்று ஏற்பாட்டைத் தயார் செய்யுங்கள்: வேறு தேதியோ வேறு ஊரோ, ரத்து செய்யக்கூடிய அறையாக ஒன்று. ஐந்து நாள் முன்கணிப்பில் மையப்புள்ளி சராசரியாக இருநூறு மைலை ஒட்டித் தவறக்கூடும் என்பதால் அதற்குள் உறுதியாக எதுவும் தெரியாது. மூன்று நாள் இருக்கும்போது முடிவெடுத்துவிடுங்கள். அதன்பின் காத்திருந்தால் தகவல் கொஞ்சம் கூடும். ஆனால் காலி இருக்கை, காலி அறை, காலிச் சாலை எல்லாம் வேகமாகக் குறையும்.

உங்கள் குடும்பத்துக்கான எல்லையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. 'போகிற ஊருக்கு வாட்ச் வந்தாலே போக மாட்டோம்' என்று அமைதியான நாளில் முடிவு செய்துவிட்டால், பதற்றமான நாளில் விவாதம் இல்லை.

புயலுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது பயண இன்சூரன்ஸ் எடுத்தால் செல்லுமா?

மற்ற ஆபத்துகளுக்குச் செல்லும், இந்தப் புயலுக்குச் செல்லாது. பெயர் சூட்டப்பட்டதும் அது 'தெரிந்த நிகழ்வு' ஆகிவிடுகிறது. அதற்கு முன் வாங்கிய காப்பீடுதான் அதன் இழப்பைத் தரும்.

முன்பே வாங்கியிருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. சாதாரணக் காப்பீட்டில் 'பயமாக இருந்தது, போகவில்லை' என்பது காரணமாக ஏற்கப்படாது. விமானம் நின்றது, தங்குமிடம் தங்க முடியாதபடி ஆயிற்று, கட்டாய வெளியேற்ற உத்தரவு வந்தது என்று பத்திரத்தில் எழுதிய காரணங்களில் ஒன்று நடந்திருக்க வேண்டும். 'எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம்' என்ற கூடுதல் பிரிவு இருந்தால் மட்டும் பயமே போதும். அதை வழக்கமாகப் பயணத்துக்கு முதல் தவணை கட்டிய 14 முதல் 21 நாளுக்குள் வாங்க வேண்டும். புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பாவது ரத்து செய்ய வேண்டும். கிடைப்பதும் பாதி முதல் முக்கால் பங்குதான். செப்டம்பர் பயணமாக இருந்தால், டிக்கெட் எடுத்த வாரத்திலேயே இதை யோசியுங்கள்.

விமானத்தை நாமே ரத்து செய்வதா, அவர்கள் ரத்து செய்யும்வரை காத்திருப்பதா?

பணம் மட்டும் கேள்வி என்றால், காத்திருப்பது லாபம். விமான நிறுவனம் ரத்து செய்து, அவர்கள் தரும் மாற்று விமானத்தை நீங்கள் ஏற்காவிட்டால், திரும்பப் பெற முடியாத டிக்கெட்டாக இருந்தாலும் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதி. காரணம் வானிலை என்பதால் இது மாறாது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ஏழு வேலை நாட்களுக்குள் வர வேண்டும். உள்நாட்டு விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல், பன்னாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனாலும் இதே உரிமை உண்டு. நீங்களாக முந்திக்கொண்டு ரத்து செய்தால் பெரும்பாலும் பணம் வராது, அதே நிறுவனத்தில் பின்னர் பயன்படுத்தும் கிரெடிட் மட்டுமே கிடைக்கும். ஓட்டல், சாப்பாட்டுச் செலவை வானிலை காரணமான ரத்துக்கு அவர்கள் தர வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனால் வேறொரு நாளில் போயே ஆக வேண்டும் என்றால் காத்திருக்காதீர்கள். புயல் நெருங்கும்போது நிறுவனங்கள் 'பயணத் தளர்வு' அறிவிக்கும்; குறிப்பிட்ட ஊர்களுக்கு, குறிப்பிட்ட தேதிகளுக்குள் கட்டணமின்றி மாற்றிக்கொள்ளலாம். அறிவிப்பு வந்த அன்றே மாற்றுபவர்களுக்கு நல்ல இருக்கை கிடைக்கும். ஐந்து பேர் சேர்ந்து பறக்கும் குடும்பத்துக்கு இது மிக முக்கியம்: ரத்தான விமானத்தின் பயணிகள் எல்லாரும் தேடத் தொடங்கியபின் ஐந்து இருக்கை ஒன்றாகக் கிடைப்பது அரிது.

மயாமியிலிருந்து நியூயார்க் ஒரு டிக்கெட், நியூயார்க்கிலிருந்து சென்னை வேறு டிக்கெட். முதல் விமானம் நின்றுவிட்டால்?

இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள் முதல் விமானத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. நீங்கள் வராதவர் என்றே பதிவாகும். சென்னையிலிருந்து திரும்பும் டிக்கெட்டும் சேர்ந்தே ரத்தாகக்கூடும். முந்தைய பதிலில் சொன்ன உரிமை முதல் டிக்கெட்டுக்கு மட்டும் பொருந்தும்.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு என் ஆலோசனை: புயல் உங்கள் ஊரை நோக்கித் திரும்பினால், பன்னாட்டு விமானம் புறப்படும் நகரத்துக்கு இரண்டு நாள் முன்பே போய்விடுங்கள். இரண்டு இரவு ஓட்டல் வாடகை, கடைசி நேரத்தில் சென்னைக்குப் புது டிக்கெட் எடுப்பதைவிட மிகக் குறைவு. ஊரில் திருமணமோ, உடல்நலம் குன்றிய பெற்றோரோ காத்திருந்தால் இதில் யோசிக்கவே வேண்டாம்.

ஓட்டலும் தீம் பார்க்கும் பணத்தைத் தருவார்களா?

இடத்துக்கு இடம் மாறும். ஆர்லாண்டோவின் டிஸ்னி வேர்ல்டுக்கு எழுதப்பட்ட கொள்கையே உண்டு. நீங்கள் வரவேண்டிய நாளுக்கு ஏழு நாளுக்குள், ஆர்லாண்டோ பகுதிக்கோ நீங்கள் வசிக்கும் ஊருக்கோ சூறாவளி மையம் ஹரிகேன் வார்னிங் விடுத்தால், அவர்களிடம் நேரடியாக வாங்கிய பெரும்பாலான அறைகளையும் தொகுப்புகளையும் அபராதமின்றி மாற்றவோ ரத்து செய்யவோ முடியும். 'வசிக்கும் ஊர்' என்ற பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் ஹூஸ்டனில் இருந்து, புயல் அங்கே வந்தாலும் இது பொருந்தும். விமான டிக்கெட் இதில் சேராது.

தனியார் வீடுகளை வாடகைக்கு எடுத்திருந்தால் விதிமுறையை வரிவரியாகப் படியுங்கள். கட்டாய வெளியேற்ற உத்தரவு வந்தால் மட்டும் பணம் தருகிறவர்கள் இருக்கிறார்கள்; அப்போதும் தராதவர்களும் இருக்கிறார்கள். நான் அந்த மாதங்களில் ஓட்டலையே பரிந்துரைப்பேன். மின்சாரம் போனாலும் தண்ணீர் வராவிட்டாலும் கேட்பதற்கு அங்கே ஆள் இருப்பார்.

கப்பல் பயணம் போகிறோம். கப்பல் புயலைச் சுற்றிக்கொண்டு போய்விடும் என்கிறார்களே?

கப்பல் போய்விடும் என்பது உண்மை. கப்பல் புயலைவிட வேகமாக நகரக்கூடியது. நீங்கள் ஆசைப்பட்ட தீவுக்குத்தான் அது போகாது. கிழக்குக் கரீபியன் என்று பணம் கட்டியவர்களை மேற்குக்கோ பஹாமாஸுக்கோ அழைத்துப் போகலாம், நாள் முழுதும் கடலிலேயே வைத்திருக்கலாம். ஒப்பந்தத்தில் அதற்கு அனுமதி இருக்கிறது. தவறிய துறைமுகத்தின் வரியும் கட்டணமும் திரும்பும். பயணத்தையே அவர்கள் ரத்து செய்தால் முழுப் பணம் திரும்பும்.

பெரிய தலைவலி திரும்பி வரும்போதுதான். பலத்த காற்று பன்னிரண்டு மணி நேரத்தில் வரும் என்றால் கடலோரக் காவல் படை துறைமுகத்தை மூடிவிடும். கப்பல் ஓரிரு நாள் வெளியே காத்திருக்கும், சில நேரம் வேறு ஊரில் இறக்கிவிடும். ஆகவே இறங்கும் நாளன்றே விமானம் வைக்காதீர்கள். மருந்து மூன்று நான்கு நாளுக்குக் கூடுதலாக இருக்கட்டும். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் கடவுச்சீட்டு, செல்லுபடியாகும் விசா, ஐ-797 ஒப்புதல் தாள் மூன்றையும் அசலாகக் கையில் வைத்திருங்கள். கப்பல் எந்த நாட்டுக் கரையைத் தொடும் என்று புயல் வாரத்தில் யாராலும் உறுதி தர முடியாது.

ஆர்லாண்டோ கடலிலிருந்து தள்ளித்தானே இருக்கிறது? ஓட்டலுக்குள்ளேயே இருந்துவிட்டால் என்ன?

பெரும்பாலும் இருந்துவிடலாம். கடல்நீர் ஏற்றம் அங்கே வராது. கட்டடங்கள் உறுதியானவை. கடற்கரையிலிருந்து வெளியேறுகிறவர்கள் தஞ்சம் புகுவதே ஆர்லாண்டோவில்தான். அதனால்தான் அறைகள் சட்டென்று தீர்ந்துவிடுகின்றன.

ஆனால் முழுப் பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 2004இல் சார்லி புயல் உள்நாட்டுக்குள் புகுந்து ஆர்லாண்டோ விமான நிலையத்தில் மணிக்கு 105 மைல் வேகக் காற்றை வீசியது. இயன் அங்கே வெள்ளத்தைக் கொண்டுவந்தது. தங்குவதானால் தரைத்தளமும் வேண்டாம், உச்சித்தளமும் வேண்டாம். காற்று வீசும்போது கண்ணாடிக் கதவைவிட்டு விலகி, குளியலறையிலோ உள் தாழ்வாரத்திலோ இருங்கள். பூங்காக்கள் ஓரிரு நாள் மூடப்படும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் தண்ணீர், சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு, டார்ச், சார்ஜ் செய்த பவர் பேங்க் இவற்றை இரண்டு நாள் முன்பே வாங்கிவிடுங்கள். காற்று திடீரென்று நின்று வானம் தெளிந்தால் அது புயலின் கண்ணாக இருக்கலாம். குழந்தைகளை வெளியே விடாதீர்கள், மறுபாதி எதிர்த்திசையிலிருந்து வரும்.

விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். நிலையம் மூடப்பட்டால் கடைகளும் இருக்காது, அது தங்குமிடமும் அல்ல.

கடற்கரை ஓட்டலில் இருக்கிறோம். வெளியேறச் சொல்கிறார்கள். எவ்வளவு தூரம் போக வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஃபுளோரிடாவில் வெளியேற்ற மண்டலங்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்துகள் உண்டு. ஏ மண்டலத்துக்கு முதலில் உத்தரவு வரும். இந்த உத்தரவு முக்கியமாகக் கடல்நீருக்காக. நீர் எட்டாத இடத்துக்கு, உறுதியான கட்டடத்துக்குப் போனால் போதும்; அது பத்து இருபது மைலாகக்கூட இருக்கலாம். ஓட்டலுக்கு வந்ததுமே வரவேற்பறையில் 'இது எந்த மண்டலம்?' என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாததால் உத்தரவு யாருக்கு என்றே புரிவதில்லை.

எல்லாரும் நூற்றுக்கணக்கான மைல் ஓடினால் என்ன ஆகும் என்பதை 2005இல் ரீட்டா புயல் காட்டியது. ஹூஸ்டன் பகுதியிலிருந்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் கிளம்பி, நெடுஞ்சாலைகள் உறைந்து, கடும் வெயிலிலும் விபத்துகளிலும் ஏறக்குறைய நூறு பேர் இறந்தார்கள். தூரப் போவதானால் கூட்டத்துக்கு முன், ஒரு நாள் முந்தி, விடியற்காலையில் கிளம்புங்கள். நேரம் போய்விட்டால் அருகிலுள்ள அரசு முகாமே மேல். போர்வையும் மருந்தும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். பிற வசதி அதிகம் இருக்காது, ஆனால் உயிருக்குப் பாதுகாப்பு.

பெட்ரோல் கிடைக்குமா? எங்களுடையது மின்சாரக் கார், அது இன்னும் சிக்கலா?

கூம்புக்குள் ஊர் வந்ததுமே நிலையங்களில் வரிசை நிற்கும். 2017இல் இர்மாவின்போது ஃபுளோரிடா முழுவதும் பல நிலையங்கள் வறண்டன. அந்த வாரம் பாதி டேங்க்குக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். ஏடிஎம் வேலை செய்யாத நிலையில் சில்லறை நோட்டுகள் உதவும்.

மின்சாரக் காரை மின்சாரம் இருக்கும்போதே முழுதாக ஏற்றிவிடுங்கள். வழியிலுள்ள நிலையங்களிலும் வரிசை இருக்கும் என்பதால் நேரத்தைக் கூட்டிக் கணக்கிடுங்கள். கவனிக்க வேண்டியது உப்புநீர். கடல்நீரில் மூழ்கிய மின்கலங்கள் சில நாட்கள் கழித்துக்கூடத் தீப்பிடித்திருக்கின்றன. இயனுக்குப் பிறகு தீயணைப்புப் படையினர் இதோடு மிகவும் போராடினார்கள். வண்டியைத் தாழ்வான இடத்திலும் கடலோர வீட்டுக் கராஜிலும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா இன்சுலின் போடுகிறார். மின்சாரம் போனால் என்ன செய்வது?

முதலில் பயத்தைக் குறையுங்கள். பொதுவாக இன்சுலின் குப்பிகளும் பேனாக்களும் 15 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 28 நாள்வரை பயன்படும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் சொல்கிறது. உங்கள் வகைக்கு வேறு கணக்கு இருக்கலாம் என்பதால் பெட்டியில் உள்ள தாளைப் பாருங்கள். நேரடியாகப் பனிக்கட்டிமேல் வைக்காதீர்கள், உறைந்தால் வீணாகும். வெயிலில் நிற்கும் காருக்குள் ஒருபோதும் விடாதீர்கள்.

ஃபுளோரிடாவில் சூறாவளி எச்சரிக்கையோ அவசரநிலையோ அறிவிக்கப்பட்டால், முப்பது நாள் மருந்தைத் தேதிக்கு முன்பே வாங்கக் காப்பீட்டு நிறுவனங்கள் அனுமதிக்க வேண்டும். ஆனால் அப்பாவிடம் இருப்பது ஊர் மருத்துவர் எழுதிய சீட்டு. இங்குள்ள மருந்துக்கடை அதற்குத் தராது. புயல் மாதங்களில் வரும் பெற்றோரிடம், தங்கும் நாளைவிட ஒரு மாதம் கூடுதலாக மருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். மருந்தின் பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் எழுதி அவர் பையிலேயே வைத்துவிடுங்கள். வெளியேறும்போது மருந்துப் பை கைப்பையில் இருக்க வேண்டும், டிக்கியில் அல்ல.

மாமனார் மாமியாருக்கு ஐ-94 (அமெரிக்காவில் எந்த நாள்வரை தங்கலாம் என்ற பதிவு) இந்த வாரம் முடிகிறது. விமானம் ரத்து. சட்டப்படி சிக்கலாகுமா?

கண்டுகொள்ளாமல் விட்டால் ஆகும். ஐ-94 தேதி முடிவதற்கு முன்பே ஐ-539 படிவத்தை இணையத்தில் தாக்கல் செய்து தங்கும் காலத்தை நீட்டிக்கக் கோருங்கள். ரத்தான விமானத்தின் அறிவிப்பையும் புதிய டிக்கெட்டையும் இணையுங்கள். மின்சாரமோ இணையமோ இல்லாமல் தாமதமாகிவிட்டால், கட்டுப்பாட்டை மீறிய சூழல் என்று விளக்கித் தாமதத்தை மன்னிக்கும்படி கேட்க வழியுண்டு. மன்னிப்பது அதிகாரியின் விருப்பம், உரிமையல்ல. ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுவது நல்லது. அடுத்தமுறை, செப்டம்பரில் திரும்புகிறவர்களுக்கு ஐ-94 முடியும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே டிக்கெட் எடுங்கள்.

கணவர் 'ஒன்றும் ஆகாது, போகலாம்' என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. யார் சொல்வது சரி?

கூம்பு பற்றிய பதிலையும் மூன்று நாள் முடிவு பற்றிய பதிலையும் இருவரும் சேர்ந்து படியுங்கள். அதன்பின்னும் ஒத்துவராவிட்டால் நான் கேட்பது ஒன்றுதான்: உங்களோடு வருகிறவர்களில் மிகவும் பலவீனமானவர் யார்? கைக்குழந்தை, முழங்கால் வலியுள்ள பாட்டி, மூச்சிரைப்பு உள்ள பையன் என்று ஒருவர் இருப்பார். மின்சாரமும் லிஃப்ட்டும் இல்லாமல் எட்டாவது மாடியில் இரண்டு நாள் அவர் எப்படி இருப்பார் என்று பேசுங்கள். ஆரோக்கியமான இரண்டு பெரியவர்களுக்குப் பொருந்தும் துணிச்சல் அவருக்குப் பொருந்தாது. இந்த விஷயத்தில் தயங்குகிறவர் பக்கமே நான் நிற்பேன்.

எங்கள் ஊருக்கே புயல் வருகிறது. வீட்டைப் பூட்டிவிட்டு முன்பே திட்டமிட்ட பயணத்துக்குப் போய்விடலாமா?

போகலாம், அது நல்ல வெளியேற்றமும்கூட. தோட்டத்து நாற்காலி, பூந்தொட்டி எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவையுங்கள். காற்றில் அவை பக்கத்து வீட்டு ஜன்னலை உடைக்கும். வீட்டின் உள்ளும் புறமும் ஒரு காணொளி எடுத்துவைத்தால் பின்னர் காப்பீடு கோர உதவும். வெள்ளச் சேதம் வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் வராது, தனிக் காப்பீடு வேண்டும். அரசின் வெள்ளக் காப்பீட்டுக்குப் பொதுவாக முப்பது நாள் காத்திருப்பு உண்டு என்பதால் இந்த வாரம் எடுத்துப் பயனில்லை. கடவுச்சீட்டு, விசாத் தாள்கள், பிறப்புச் சான்றிதழ், தாலி, நகை ஆகியவற்றை வீட்டில் விட்டுப் போகாதீர்கள்.

புயல் போய்விட்டது, வெயில் அடிக்கிறது. அடுத்த வாரம் போகலாமா?

வெயில் அடிப்பதை வைத்துச் சொல்ல முடியாது. 2024 செப்டம்பர் 26 அன்று ஹெலீன் புயல் ஃபுளோரிடாவின் 'பிக் பெண்ட்' எனப்படும் வளைவுக் கடற்கரையில் கரையேறியது. மோசமான வெள்ளம் வந்ததோ நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, வட கரோலினாவின் மலைநாட்டு ஆஷ்வில்லில். இலையுதிர்கால வண்ணம் பார்க்க அக்டோபரில் அங்கே அறை எடுத்திருந்த நம் குடும்பங்கள் பல. டென்னஸியை இணைக்கும் ஐ-40 நெடுஞ்சாலை ஆற்றங்கரையோடு சரிந்து, மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. ஊரின் குடிநீர் சீராகவே பல வாரம் ஆயிற்று.

ஆகவே போகும் ஊருக்கு முதலில் தொலைபேசியில் பேசுங்கள். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும் அறிவிப்பு நீக்கப்பட்டதா, உங்கள் ஓட்டலில் மின்சாரம் வந்ததா, மீட்புப் பணியாளர்களே அறைகளில் தங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். அவர்கள் தங்கியிருந்தால் அந்த அறையை விட்டுக்கொடுங்கள். சாலை நிலவரத்துக்கு மாநிலத்தின் 511 தொலைபேசிச் சேவை இருக்கிறது. வழியில் நீர் ஓடும் சாலையைக் கண்டால் திரும்பிவிடுங்கள். ஓரடி ஓடும் நீர் சிறிய காரை இழுத்துப்போகும், இரண்டடி பெரும்பாலான வண்டிகளை.

ஊர் தயார் என்று அவர்களே சொன்னால் தயங்காமல் போங்கள். புயலுக்குப் பிந்தைய மாதங்களில் ஓட்டல் பணியாளர்களுக்கும் சிறு கடைக்காரர்களுக்கும் வருமானமே இருக்காது. ரத்து செய்யாமல் தேதியைத் தள்ளிவைத்துப் போகும் ஒவ்வொரு குடும்பமும் அவர்களுக்கு உதவி.